தேங்காய் மாவு ரொட்டி ரோல்: ஒரு வருஷத்துக்கு மேல் செய்து சாப்பிட்ட அனுபவம்

தேங்காய் மாவு வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குருமாவில் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட இந்த ரொட்டி சரிப்படாது, ஊறிக் கரைந்துவிடும். உள்ளே மசாலா வைத்துச் சுருட்டிச் சாப்பிட்டால் அருமையாக இருக்கும். வீட்டுக்காரருக்குச் சுகர் வந்த பிறகு எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் ராத்திரி அவருக்குப் பெரும்பாலும் இதுதான், இன்னும் சலிக்கவில்லை.

100 கிராம் தேங்காய் மாவில் கார்ப் (கார்போஹைட்ரேட்) சுமார் 60 கிராம் இருக்கும், ஆனால் அதில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. கோதுமை மாவில் 70 கிராமுக்கு மேல், நார்ச்சத்து 11 கிராம் அளவுக்குத்தான். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து வீட்டுச் சுகர் மெஷினில் பார்த்தால் சப்பாத்தி நாளை விடக் குறைவாகவே காட்டுகிறது.

கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் என்ற புரதம் தேங்காயில் இல்லை, அதனால் வெறும் தண்ணீரில் பிசைந்தால் மாவு உதிர்ந்து போகும். இசப்கோல் உமிதான் (மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலந்து குடிப்பார்களே, அந்த விதை உமி) பிடிமானம் கொடுக்கிறது, மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும், சர்க்கரையும் ஃபிளேவரும் சேர்க்காததாகக் கேட்டு வாங்கி மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். 60 கிராம் மாவு, 2 டேபிள்ஸ்பூன் இசப்கோல் பொடி, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், சுமார் 240 மில்லி வெந்நீர். வெந்நீரை ஒரேயடியாகக் கொட்டாமல் ஊற்றி ஊற்றிப் பிசைந்து, மூடி வைத்து 10 நிமிஷம் விட்டால் தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டு உருண்டை பிடிக்க வரும், இந்த 10 நிமிஷத்தை மட்டும் குறைக்காதீர்கள். நாலு உருண்டை வரும். வெட்டிப் பிரித்த எண்ணெய் கவர் இரண்டுக்கு நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும், ஓரம் வெடிப்பதால் டப்பா மூடியை வைத்து வட்டமாக வெட்டிக்கொள்வேன். தோசைக்கல்லில் மிதமான தீ, அடிப்பக்கம் தானாக விடுகிற வரை திருப்பக் கூடாது, எடுத்ததும் துணி போட்டு மூடி அடுக்கினால் அந்த ஆவியிலேயே மெத்தென்று ஆகிவிடும். சில இசப்கோலில் ரொட்டி லேசாக ஊதா நிறத்துக்கு மாறும், பயப்பட ஒன்றுமில்லை.

இந்த மாவில் ஒரு மெல்லிய இனிப்பு உண்டு, அதற்குக் காரசாரமான மீன்தான் பொருத்தம். என் முதல் ஓட்டு சுறா புட்டுக்கு. பூண்டும் பச்சைமிளகாயும் தூக்கலாகப் போட்டு உதிரி உதிரியாகக் கிளறினால் சொட்டுத் தண்ணீர் இருக்காது, ரொட்டியும் கிழியாது. அப்புறம் சுண்ட வதக்கிய இறால் தொக்கு, கடம்பா (கணவாய்) வறுவல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் காசிமேட்டில் நல்ல மீன் கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறிவிடும், அப்போது முட்டைப் பொடிமாஸ் வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் பக்கம் கடல் காற்றில் உப்பே கசிந்து போகும், இந்த மாவு எம்மாத்திரம்! பாக்கெட்டைப் பிரித்து வெளியே வைத்தால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடுகிறது. பிரித்த உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

இசப்கோல் சேர்வதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் இந்த ரொட்டிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுவது நல்லது, ராத்திரிக் கார்பைக் குறைக்கும்போது சுகர் மாத்திரையின் அளவையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குச் சுகர் ரொம்ப இறங்கிவிடும்.

விலைதான் கஷ்டம், கோதுமை மாவைப் போலப் பல மடங்கு, அதனால் எங்களுக்கெல்லாம் சப்பாத்தியேதான். இப்போது தேங்காய்ப்பால் எடுத்த சக்கையை வெயிலில் காயவைத்து நானே அரைக்கிறேன். அதில் எண்ணெய்ப் பசை கூடுதல், கடை மாவு அளவுக்குத் தண்ணீர் இழுக்காது, வெந்நீரைக் குறைத்தே ஆரம்பியுங்கள். மழைக்காலத்தில் சக்கை காயாது, அந்த மாதங்களுக்கு மட்டும் கடை பாக்கெட்.