எண்ணூர் கழிமுகத்துக்கு எந்த பைனாகுலர்?

கார்த்திகை மாதத்தில் ஊசிவால் வாத்துகள் பழவேற்காட்டில் இறங்கத் தொடங்கும்போது, அதிகச் செலவில்லாமல் எந்த பைனாகுலர் வாங்கலாம் என்ற கேள்வியும் வந்து இறங்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களோடு வருவார்கள்: நிக்கான் அக்யூலான் ஏ211 8×42, ஒலிம்பஸ் டிபிஎஸ் 8×40, நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். நான்காவதாக ஒரு 10×50 மனதின் ஓரத்தில் இருக்கும். எண் பெரிதாக இருப்பதுதான் அதன் கவர்ச்சி.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று உப்புக்காற்றில் திரிபவருக்கும் மூக்குக்கண்ணாடி அணிபவருக்கும் பி3. ரெட்டேரி, புழல், கொரட்டூர் என்று ஏரிக்கரைகளோடு நின்றுவிடுபவருக்கு, அதிலும் கண்ணாடி அணியாதவருக்கு, ஏ211 அல்லது ஒலிம்பஸ். மிச்சமாகும் பணம் ரயிலுக்கும் டீக்கும் ஆகும். 10×50 யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். சுள்ளூர்ப்பேட்டைப் பக்கம் காரில் போகிறவர்களுக்காக அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.

நீர்வாத்துகளுக்கு ஏற்ற கருவி என்று தேடினால் அமெரிக்கர்கள் எழுதிய துப்பாக்கி அலசல்கள்தான் குவிகின்றன. தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிகளில் வாயு அழுத்தத்தால் இயங்குவது நல்லதா, பின்னுதைப்பால் இயங்குவது நல்லதா, குறைந்த விலையில் எது உழைக்கும் என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால் நமக்கு அந்த விவாதத்தில் வேலையில்லை. ஆனால் அவர்கள் முதலில் கேட்கும் ஒரு கேள்வி நமக்கும் பொருந்தும்: சேறும் உப்புநீரும் பட்டால் பொருள் என்ன ஆகும்? பைனாகுலர் அலசல்களில் ஏனோ இது கடைசி வரியில்தான் வருகிறது. வடசென்னையில் இதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

ஏ211, ஒலிம்பஸ் இரண்டும் பழைய அமைப்பு. முன் லென்ஸ்கள் அகன்றும் கண் லென்ஸ்கள் நெருங்கியும் இருக்கும் அந்தக் கூன்முதுகு வடிவத்துக்குப் போரோ பிரிசம் என்று பெயர். பி3 நேரான இரண்டு குழாய்கள். உள்ளே இருப்பது ரூஃப் பிரிசம். போரோ பிரிசம் செய்வது எளிது, வெளிச்சமும் அதில் அவ்வளவாக வீணாகாது. ரூஃப் பிரிசத்துக்கோ மிகத் துல்லியமாகத் தீட்ட வேண்டிய ஒரு விளிம்பு உண்டு. ஒரு பக்கத்துக்குக் கண்ணாடிபோல் உலோகப் பூச்சு வேண்டும். உள்ளே இரண்டாகப் பிரிந்து சேரும் ஒளியின் கட்டம், அதாவது அலைகளின் ஏற்ற இறக்கம், பிசகாமல் இருக்கத் தனிப் பூச்சும் வேண்டும். விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் வெட்டு விழுவது இந்தக் கடைசிப் பூச்சில்தான். ஆகவே ஒரே தொகைக்கு வாங்கினால் படத்தின் தெளிவில் போரோதான் முந்தும். ஏ211 வழியாக ஒரு பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தால், முன்னே நிற்பது எது, பின்னே நிற்பது எது என்ற ஆழம் கண்ணுக்குத் தட்டுப்படும். முன் லென்ஸ்கள் விலகி இருப்பதால் கிடைக்கும் பலன் அது. பி3 அந்த இடத்தில் கொஞ்சம் தட்டையாகத் தெரியும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் பி3? போரோவில் குவியச் சக்கரத்தைத் திருப்பும்போது கண் லென்ஸ் இரண்டும் வெளியே நகர்ந்து உள்ளே வரும். ஒவ்வொரு முறையும் துருத்திபோல் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று எண்ணூரில் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டுமா? கடல் உப்பு, கழிமுகத்து ஈரம், அனல்மின் நிலையச் சாம்பல். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். முதலில் சிலந்தி வலை போன்ற கோடு, பிறகு பூச்சையே அரிக்கும் கறை. சுத்தம் செய்யப் பிரித்தால் இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கும் ஒழுங்கு கெட்டுவிடும். அதைச் சரிசெய்யும் கூலி, மலிவான பைனாகுலரின் விலையையே நெருங்கிவிடும். பி3இல் குவிய நகர்வு உள்ளேயே நடக்கிறது. குழாய்கள் மூடப்பட்டு நைட்ரஜன் நிரப்பப்பட்டிருக்கின்றன. 1 மீட்டர் ஆழத்தில் 10 நிமிடம் தாங்கும் என்கிறது நிறுவனம். யாரும் அதைக் கழிமுகத்தில் முக்கப்போவதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் உப்பையும் சாம்பலையும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் துடைக்கலாம் என்பது பெரிய நிம்மதி. ஏ211ஐ அப்படி அலச முடியாது.

சாம்பல் லென்ஸுக்கு உப்பைவிட மோசம். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட வேலையைச் செய்துவிடும். முதலில் காற்றை ஊதும் ரப்பர் பல்ப், பிறகு மென்மையான தூரிகை, கடைசியாகத்தான் துணி. வேட்டி நுனியும் துப்பட்டாவும் இந்தப் பட்டியலில் இல்லை.

இனி மடங்குக்கு வருவோம். 400 மீட்டர் தள்ளி நிற்கும் வாத்து 8 மடங்கில் 50 மீட்டர் தூரத்தில் நிற்பதுபோல் தெரியும். 10 மடங்கில் 40 மீட்டர். கேட்கும்போது பெரிய லாபமாகத்தான் இருக்கிறது. கணக்கில் வராதது வெயில். காலை ஒன்பது மணி தாண்டியதும் சேற்றுத் திட்டுகளும் உப்பளமும் சூடேறி, அவற்றின் மேல் காற்று நெளியத் தொடங்கும். பைனாகுலர் வாத்தை மட்டுமல்ல, அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். ஊசிவால் பெட்டையும் தட்டைவாயன் பெட்டையும் நீலச்சிறகிப் பெட்டையும் ஒரே பழுப்பு நிறம். கழுத்து நீண்டிருக்கிறதா, அலகு கரண்டிபோல் அகன்றிருக்கிறதா, முகத்தில் கோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நெளியும் காற்றில் 10 மடங்கு காட்டும் பெரிய பழுப்பு உருவத்தைவிட, ஏழு மணிக்கு 8 மடங்கு காட்டும் சின்ன உருவம் எனக்குப் போதும்.

கை நடுக்கமும் அப்படியே. பழவேற்காட்டுப் பாலத்தின் மேல் வாடைக்காற்றில் நின்றுகொண்டு, கிட்டத்தட்ட 900 கிராம் எடையுள்ள 10×50ஐப் பிடித்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் தோள் முறையிடும், படம் ஆடும். ஏ211 8×42 சுமார் 755 கிராம், ஒலிம்பஸ் 710, பி3 வெறும் 565. பொன்னேரியில் இறங்கி பஸ் மாறிப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் கழுத்தில் தெரியும்.

அதைவிட முக்கியம் பார்வைப் பரப்பு. 1,000 மீட்டர் தொலைவில் ஏ211 8×42 காட்டும் அகலம் 140 மீட்டர், ஒலிம்பஸ் ஒரு பிடி கூடுதலாக 143, பி3 126, அக்யூலான் 10×50 காட்டுவது 114 மீட்டர்தான். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் போய் நின்றவர்களுக்கு இந்த எண்களின் மதிப்பு புரியும். கூட்டம் கிளம்பும்போது அகலம் குறைந்த கருவியில் பாதிக் கூட்டம் வட்டத்துக்கு வெளியே போய்விடும். எண்ணியதும் எண்ணாததும் கலந்துவிடும். பி3 இங்கே போரோக்களிடம் தோற்கிறது என்பதை மறைக்கப்போவதில்லை.

50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் வெளிச்சம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. லென்ஸின் அகலத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 10×50க்கு 5 மில்லிமீட்டர், 8×42க்கு 5.25. அதாவது கூடுதல் எடையைச் சுமந்தும் படம் பிரகாசமாகவில்லை. நம் வெயிலில் கண்பாவையே 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. மிச்ச ஒளி இமைக்கும் கன்னத்துக்கும்தான். ஆனாலும் சுள்ளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில், விடியலில், கார் கதவில் முழங்கையை ஊன்றிப் பார்ப்பவருக்கு 10 மடங்கு உதவும். முழங்கைக்கு ஊன்றுகோல் இருந்தால் நடுக்கம் இல்லை; விடியலில் நெளிவும் இல்லை.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்தாலும் போதும். கண் லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை கண்ணைத் தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. ஏ211, ஒலிம்பஸ் இரண்டுக்கும் அது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். கண்ணாடியோடு பார்த்தால் வட்டத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, அந்த 140 மீட்டர் பெருமை அங்கேயே கரைந்துவிடும். பி3 8×42க்கு 20 மில்லிமீட்டர். கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டம் தெரியும். இதற்கு மேல் ஒப்பிட ஒன்றுமில்லை.

ஏ211க்கும் ஒலிம்பஸுக்கும் நடுவில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு எது மலிவோ அது.

பர்மா பஜாரிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும் "ராணுவ" பைனாகுலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே 20-180×100 என்று அச்சிட்டிருக்கும். லென்ஸில் மாணிக்கச் சிவப்பாக ஒரு பூச்சு மின்னும். 100 என்றால் முன் லென்ஸ் 100 மில்லிமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். பள்ளிக்கூட அடிக்கோல் ஒன்றை எடுத்துப் போய் அளந்து பாருங்கள், பாதிகூடத் தேறாது. உண்மையான 100 மில்லிமீட்டர் கருவியைக் கையில் பிடித்தே பார்க்க முடியாது, முக்காலி வேண்டும். அந்தச் சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், பூநாரையின் இளஞ்சிவப்பே வெளிறிப்போகும். பூநாரை பார்ப்பதற்கென்றே வாங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பொருள் கிடைக்காது. மடங்கை மாற்றும் ஜூம் பைனாகுலர் எந்தப் பெயரில் வந்தாலும், இந்த விலையில் வேண்டாம்.

தூரத்து உள்ளான்களுக்கு 20-60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி, தேவைப்படுவது உண்மை. ஆனால் முக்காலியோடு சேர்த்தால் அது வேறு பட்ஜெட். ஜூம் கேமரா பார்ப்பதற்கான கருவி அல்ல, பதிவுக்கான கருவி. இரண்டும் இரண்டாவது வருடத்துக் கவலைகள்.

எதை வாங்கினாலும் கடையை விட்டு இறங்குவதற்கு முன் தெருக்கோடியில் ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது கம்பம் இரண்டாகப் பிரிந்தாலோ, ஒரு நிமிடத்தில் நெற்றிப்பொட்டு வலித்தாலோ, குழாய்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள், வேறொன்று கேளுங்கள். லென்ஸில் விளக்கொளியைப் பிடித்தால் பச்சையாகவோ ஊதாவாகவோ பிரதிபலிக்க வேண்டும். வெள்ளையாகத் திருப்பினால் பூச்சு இல்லை. வீட்டில் அதோடு வரும் துணி உறையில் போட்டுப் பீரோவுக்குள் தள்ளிவிடாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், ஐப்பசி மழை தொடங்கும்போது பொட்டலங்களை மாற்றிவிடுங்கள்.