வாழைத்தாருக்குக் கத்தும் கார்

தென்காசி அத்தான் நேற்று போன் பண்ணினார். "மாப்ள, உன் வண்டி மாடல்ல ஒண்ணு செகண்ட்ஸ்ல வருது. எடுக்கலாமா?"

மைலேஜும் சர்வீஸ் செலவும் அவருக்கே தெரியும். ஆறு வருஷமாக என் உயிரை வாங்குவது வேறு: சீட் பெல்ட் அலாரம்.

2019 டிசம்பரில் எடுத்த வண்டி. அந்த ஜூலையிலிருந்துதான் முன்சீட் இரண்டுக்கும் அலாரம் கட்டாயமாகியிருந்தது. சரி, நல்லதுதான். ஆனால் பாளை மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தால்கூட ஆள் என்று நினைத்துக் கத்தும். வண்ணார்பேட்டை வருவதற்குள் தலைவலி வந்துவிடும். லாக்கில் சொருகி அதன் வாயை அடைக்க டம்மி கிளிப் ஒன்று உண்டு. இணையக் கடைகளில் அதை விற்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவு போட்டது. அதற்கு முன்பே நான் ஒன்று வாங்கிவிட்டேன். வீட்டில் திட்டு விழுந்ததால் டேஷ்போர்டு பெட்டிக்குள் போய்விட்டது.

போன மாதம் வள்ளியூரில் கல்யாணம். முன்சீட்டில் வாழைத்தார், சத்தம் பொறுக்காமல் அதற்குப் பெல்ட்டும் போட்டாயிற்று. பின்னால் ஆச்சி. நாங்குநேரி தாண்டியதும் மீடியன் அரளிக்குள்ளிருந்து ஓர் எருமை இறங்கியது. மிதித்தேன் பிரேக்கை. என்னைப் பெல்ட் தோளோடு பிடித்து நிறுத்தியது. வாழைத்தாரில் ஒரு காய் உதிரவில்லை. ஆச்சி மட்டும் சறுக்கி வந்து என் சீட்டின் முதுகில் மோதினாள். நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். அறுபதில் போனால் நொடிக்குப் 16 மீட்டருக்கு மேல். வண்டியைத்தானே பிரேக் நிறுத்தும், ஆச்சியை எது நிறுத்தும்?

வாழைத்தாருக்குக் கத்துகிற கார், ஆச்சிக்கு வாயே திறக்கவில்லை. இதில் பின்சீட்டுக்கு அலாரமே கிடையாது. 2022-இல் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் போடாமல் போய் இறந்தபோது நானும் ஒரு வாரம் பேசினேன், அவ்வளவுதான்.

திரும்பும்போது போட்டுவிடலாம் என்று பார்த்தால் லாக்கைக் காணோம். சீட் கவர் போட்ட கடைக்காரர் மூன்றையும் உள்ளே அமுக்கி மேலே துணியை இழுத்து மாட்டியிருக்கிறார். கவரைக் கழற்றியதும் லாக்கோடு ஒரு சீப்பும் இரண்டு ரூபாய்க் காசும் வந்தன. ஆறு வருஷம் நானும் தேடவில்லையே, அவரை மட்டும் திட்டுவது எப்படி? ஆனாலும் திட்டினேன்.

ஆச்சி பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தாள், பிடித்துக்கொண்டது. "ஏல, சவம் வரமாட்டேங்கு." வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்வதுதான் அதன் வேலையே. மெதுவாக இழுக்கச் சொல்லி, கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிகிற மாதிரி நானே மாட்டிவிட்டேன்.

அத்தான், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்ட உங்களால் முடியாது, எடுக்காதீங்க. என்னுடையதை விலைக்குக் கேட்டாலும் தரமாட்டேன். மீறி எடுத்தால், முதலில் பின்சீட் இடுக்கில் கையை விட்டு லாக் மூன்றும் தட்டுப்படுகிறதா பாருங்க.