சுவருக்குப் பொன்மஞ்சள்: ஓர் உட்புற எமல்ஷன் குறித்த மதிப்பீடு

எங்கள் வீட்டில் சாப்பாட்டு அறையின் ஒரு சுவருக்கும், வாசலிலிருந்து ஹாலுக்கு வரும் நடைக்கும் பூசிய பொன்மஞ்சள் நிற எமல்ஷனைப் பற்றியது இந்த மதிப்பீடு. உயர்ரகப் பெயின்ட், மெல்லிய பளபளப்புள்ள சாட்டின் வகை, கடையில் டின்டிங் மெஷினில் கலந்து வாங்கியது. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றின் ஷேட் கார்டிலும் இந்த நிறம் ஏதாவது ஒரு பெயரில் இருக்கிறது, நான் கண்ட நிறைகுறைகளில் பெரும்பாலானவையும் இந்த நிறத்துக்கே உரியவை.

மஞ்சள் என்று பொதுவாகச் சொன்னாலும், எலுமிச்சை மஞ்சளில் பச்சைச் சாயல் இருக்கும். பொன்மஞ்சளில் சிவப்புச் சாயல் இருக்கும். புடவைக் கடைகளில் மாம்பழ மஞ்சள் என்று எடுத்துப் போடுவது ஏறக்குறைய இதைத்தான். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 5 நிறப் பட்டியலிலும் 356 என்ற எண்ணில் பொன்மஞ்சள் தனி நிறமாகவே இடம்பெற்றுள்ளது. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையில் தடவும் மஞ்சள், தாலிக் கயிற்றில் பூசும் மஞ்சள், புது வீட்டு நிலைப்படியில் குங்குமத்தோடு வைக்கும் மஞ்சள் என்று நமக்கு இது பிறந்தது முதல் மங்கல நிறம். ஆகவே வாசல் நடையில் இந்த நிறத்தைப் பூசும்போது, வருகிறவர்களுக்கு அதன் பொருளை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மங்கலப் பொருள்களில் எல்லாம் இது சிறிய அளவிலேயே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய பரப்பில் இதே நிறத்தை நாம் பார்ப்பது பள்ளிப் பேருந்துகளில். தூரத்திலிருந்தே கண்ணை இழுக்க வேண்டும் என்பதற்காக அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட நிறம், நான்கு சுவர்களிலும் ஏறினால் வீட்டுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும்.

இந்தப் பெயின்ட்டின் முதல் குறை, அடியிலிருப்பதை மறைக்கும் திறன் போதாது என்பது. முதல் கோட் காய்ந்தபோது பட்டி பார்த்த இடங்கள் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. இரண்டாவது கோட்டுக்குப் பிறகும் ரோலர் போன தடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிந்தது. மூன்றாவது கோட்டில்தான் சுவர் ஒரே நிறமாக அமைந்தது. இதற்குக் காரணம் உண்டு. வெள்ளையும் வெளிர் நிறங்களும் நன்றாக மறைப்பது அவற்றிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியினால். அடர்ந்த மஞ்சளில் அதை அதிகம் சேர்த்தால் நிறம் வெளிறிவிடும் என்பதால், அது குறைவாக உள்ள பேஸில்தான், அதாவது நிறம் சேர்க்கும் முன்னுள்ள அடிப்படைப் பெயின்ட்டில்தான், இந்த நிறத்தைக் கலக்கிறார்கள். கலக்கும் கரிம நிறமிகளோ பெரும்பாலும் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. அந்தக் காலத்து மஞ்சள் எனாமல் இரண்டே கோட்டில் மறைத்ததே என்று பெயின்டர் சொன்னது உண்மைதான், ஆனால் அந்த எனாமலில் ஈய குரோமேட் என்ற நச்சு நிறமி இருந்தது. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்று 2016இல் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூன்றாவது கோட்டுக்கு ஆகும் செலவை நான் மனமாரக் கொடுப்பேன். பழைய மஞ்சள் எனாமல் பூசிய கதவு, ஜன்னல் உள்ளவர்கள் அதை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்க வேண்டாம் என்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம்.

மறைக்கும் திறனில் ஏற்பட்ட மனக்குறையை வெளிச்சம் தீர்த்துவைத்தது. சாப்பாட்டு அறைக்கு மேற்கில் ஒரு ஜன்னல் இருக்கிறது. காலையில் அந்தச் சுவர் அடங்கிய, சற்று மண் கலந்த மஞ்சளாக இருக்கும். மாலை ஐந்து மணி வெயில் சாய்வாக விழும்போது அதே சுவர் செம்மை ஏறி, எதிரிலுள்ள வெள்ளைச் சுவரிலும் மேசைமேல் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களிலும் தன் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. ஷேட் கார்டின் சிறு கட்டத்தில் இதில் எதுவும் தெரியாது. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் இதைப் பூசினால் ஒன்றின் ஒளி மற்றொன்றில் பட்டுத் திரும்பி நிறம் இன்னும் அடர்த்தியாகும் என்பதால், அட்டையில் பிடித்த நிறத்தைவிட ஒரு படி இளையதை வாங்குவதே சரி. இரவு விளக்கும் முக்கியம். 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை எல்.இ.டி. ஒளியில் இந்த மஞ்சள் பச்சையடித்துப் பொலிவிழந்து போகிறது. 2700 அல்லது 3000 கெல்வின் விளக்கில் அதற்குரிய வெதுவெதுப்பு முழுமையாக வருகிறது. டியூப் லைட்டை மாற்ற மனமில்லாதவர்கள் இந்த நிறத்தை எடுக்காமல் இருப்பதே நல்லது.

பக்கத்தில் எந்த நிறத்தை வைப்பது என்பதில் நம் நெசவாளர்களை மிஞ்சிய ஆசிரியர் இல்லை. மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்கு பார்டர், அல்லது மயில்கழுத்து பார்டர் என்ற காஞ்சிபுரத்துச் சேர்க்கை சுவரிலும் அப்படியே எடுபடுகிறது. ரெட் ஆக்சைடு தரையும் தேக்கு நிலையும் உள்ள வீட்டில் அரக்கின் இடத்தை அவை எடுத்துக்கொள்கின்றன. எங்கள் நடையில் அதுதான் நடந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி இன்னொரு பாடம்: அங்கே மஞ்சள் சுவரின் ஓரங்களையும் ஜன்னல் விளிம்புகளையும் வெள்ளைப் பட்டைகள் பிடித்து நிறுத்துகின்றன. அந்த எல்லை இல்லாவிட்டால் அத்தனை பெரிய மஞ்சள் பரப்பு கண்ணுக்குச் சுமையாக இருக்கும். வீட்டுக்குள் கூரையையும் மூலைகளையும் தூய வெள்ளைக்குப் பதில் சற்றே தந்தம் கலந்த வெள்ளையாக வைத்தால் மாற்றம் கூர்மையாக வெட்டாது.

முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும் அறைக்கு இது வேண்டாம். சுவரிலிருந்து திரும்பும் ஒளி முகத்தைக் காமாலை கண்டதுபோல் காட்டும். வெளிச்சுவருக்கு இதே கரிம மஞ்சளை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் கரிம மஞ்சள் நிறமிகளில் பல வெயிலில் வெளிறுபவை. இரும்பு ஆக்சைடு சார்ந்த மஞ்சள் காவி சற்று மங்கலாக இருந்தாலும் வெயிலையும் சுண்ணாம்பின் காரத்தையும் தாங்கி நிற்கும். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவரானால் உட்புறத்திலும் குறைந்தது 28 நாள் ஆறவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்த பிறகே நிறத்துக்குப் போக வேண்டும்.

கடைச் சேவையில் ஒரு குறை. ஒரே ஷேட் எண்ணில் கலந்த இரண்டு வாளிகளில், இரண்டாவது மூடியைத் திறந்தபோது நிறம் இம்மியளவு பச்சை பக்கம் சாய்ந்திருந்தது. வெளிர் நிறத்தில் கண்ணுக்குத் தப்பியிருக்கக்கூடிய வேறுபாடு, இதில் பளிச்சென்று தெரிந்தது. பெயின்டர் இரண்டையும் ஒரு பெரிய டிரம்மில் ஊற்றிக் கலந்து சரிசெய்தார். தேவையான அளவு முழுவதையும் ஒரே தடவையில் வாங்கி, பூசுமுன் இப்படிக் கலந்துகொள்வதே பாதுகாப்பு. அடர் நிறமாதலால் அதே ரகத்தின் வெள்ளையைவிட விலையும் கூடுதல், மூன்றாவது கோட்டின் கூலியும் சேரும். ஆகவே முழு அறைக்கு எடுக்காமல் நடைக்கோ சாப்பாட்டு அறையின் ஒரு சுவருக்கோ மட்டும் எடுப்பவர்களுக்கு இதைத் தயக்கமின்றிச் சொல்வேன். மிச்சம் ஒரு அரை லிட்டரையாவது மூடியில் ஷேட் எண்ணும் தேதியும் எழுதி எடுத்து வையுங்கள். பின்னாளில் டச்சப் செய்யப் புதிதாகக் கலக்கும் மஞ்சள் பழையதோடு பொருந்துவது கடினம்.