பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: தினசரி ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

மதுரைப் பக்கம் விண்டோஸை விட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுகிற மெஷின்கள் பெரும்பாலும் ஜெராக்ஸ் கடை டெஸ்க்டாப், டியூஷன் சென்டர் கம்ப்யூட்டர், வீட்டு அலமாரியில் தூங்கும் அரசு இலவச லேப்டாப். (தொடக்க வருஷங்களில் வந்த அரசு லேப்டாப்புகளில் மத்திய அரசின் கணினி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.) 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ, பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. எச்61 மதர்போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

லினக்ஸில் பல வகை உண்டு. அதில் எது லேசு என்று ஆளாளுக்குப் பட்டியல் தருவார்கள். பூட் ஆனதும் ஆன்டிஎக்ஸ் 200, 300 எம்பி ரேமில் நிற்கும். லுபுண்டு ஏறக்குறைய அரை ஜிபி. லினக்ஸ் மின்ட்டின் லேசான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ முக்கால் ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை. ஆனால் பிரௌசரில் ஜிமெயில், யூடியூப், வாட்ஸ்அப் வெப் மூன்றையும் திறந்துவிட்டால் இந்த வித்தியாசமெல்லாம் கரைந்துபோகும். ரேமைத் தின்பது பிரௌசர்தான். அதனால் 4 ஜிபி இருந்தால் யோசிக்காமல் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடலாம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ், அதுவும் ரேம் கூட்டும்வரைதான்.

32 பிட் மெஷினுக்குச் செலவு செய்யாதீர்கள். குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாது. ஆனால் விண்டோஸ் 7 32 பிட் ஓடியதாலேயே பிராசஸரும் 32 பிட் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட்தான்.

கையில் காசு கொஞ்சம்தான் என்றால் முதலில் எஸ்எஸ்டி, அப்புறம்தான் ரேம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் எந்த லினக்ஸும் ஊர்ந்துதான் போகும். டவுன்ஹால் ரோட்டில் ரேம் வாங்கப் போகும்போது பழைய ஸ்டிக்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். நாலாம் தலைமுறை லேப்டாப் பலவற்றுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல்தான் வேண்டும். ஸ்டிக்கரில் ‘பிசி3எல்’ என்று இருக்கும். வெறும் ‘பிசி3’ 1.5 வோல்ட், அதைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். ரேம் கூட்ட வழியே இல்லாவிட்டால் ரேமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் ஸீரேம்-டூல்ஸ் (zram-tools) பேக்கேஜ் போட்டு, பாதி ரேமை அதற்கு விடுங்கள். டேப் மாற்றும்போது மெஷின் உறைந்து நிற்பது வெகுவாகக் குறையும்.

இன்ஸ்டால் செய்வது இப்போது பெரிய வேலையில்லை. 8 ஜிபி பென்டிரைவில் வென்டாய் (பென்டிரைவிலிருந்து பூட் செய்ய உதவும் மென்பொருள்) போட்டு, மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை அதில் காப்பி செய்தால் போதும். பூட் மெனுவுக்கு லெனோவோ, டெல் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் மோடிலேயே வைஃபை, சவுண்டு, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் டி டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது.

பழைய டெஸ்க்டாப்பில் அதிகம் ஏமாற்றுவது போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். பிரௌசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சர்டிஃபிகேட் பிழை காட்டும். அப்டேட் கொடுத்தால் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று திரும்பி வரும். நெட் கோளாறு என்று ரவுட்டரை மாற்றியவர்கள் உண்டு.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கோடை மழைக்குப் போவதைச் சொல்ல ஆளில்லை. அப்டேட் நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். ஆன் செய்ததும் வரும் கிரப் (பூட் தேர்வு) மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெக்கவரி மோடு, அங்கே டிபிகேஜி என்ற வரி. அரைகுறையாக நின்ற பேக்கேஜ்களை அது சரிசெய்துவிடும்.

மாசக்கணக்கில் ஓடிய பிறகு வருகிற தொல்லை வேறு. பாஸ்வேர்டு சரியாகவே அடிக்கிறோம், திரை ஒரு கணம் இருண்டு மறுபடி லாகின் பக்கத்துக்கே வருகிறது. லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் நிறைந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம், நிறைத்தது சிஸ்டத்தை அவ்வப்போது ஸ்னாப்ஷாட்டாக நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி டெர்மினலில் நுழைந்து, பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழித்தால் சரியாகும். ரூட்டுக்கு 30 ஜிபி மட்டும் கொடுத்திருந்தால் இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு மேல் வைக்காதீர்கள். இடத்தை அடைக்கும் பழைய கர்னல்களை (லினக்ஸின் மையப் பகுதி) தானாக நீக்கும் வசதி அப்டேட் மேனேஜரின் ஆட்டோமேஷன் பக்கத்தில் இருக்கிறது. முதல் நாளே டிக் செய்துவிடலாம்.

கடைக்காரர்கள் இதையெல்லாம்விட முதலில் பார்க்க வேண்டியது பிரிண்டர். எப்சன் இங்க் டேங்க் மாடல்கள் பெரும்பாலும் செருகியதும் பிரிண்ட் கொடுக்கும். எச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். எச்பியின் லினக்ஸ் டிரைவரான எச்பிலிப்பின் பிளகின் போட்டால் அது தானாக நடக்கும். ஜெராக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் காணும் கேனான் எல்பிபி 2900-தான் சிக்கல். அது சிஏபிடி என்ற தனி மொழி பேசுகிறது, சாதாரண டிரைவருக்குப் பிடிகொடுக்காது. வழிகள் உண்டு, ஆனால் வரிசையில் ஆள் நிற்கும் கடைக்கு அவை உதவாது. அந்தப் பிரிண்டரை விண்டோஸ் மெஷினிலேயே விட்டுவிடுங்கள்.

தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் போட்டு தமிழ்99 தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தடையில்லாமல் வரும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்களை, அந்த எழுத்துருவை ஹோமில் ‘.fonts’ என்ற ஃபோல்டரில் போட்டால் லிப்ரேஆபிஸில் படிக்கலாம். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை போடுகிற மெஷினை மட்டும் மாற்றாதீர்கள். அதை நெட்டிலிருந்து பிரித்து, பழைய விண்டோஸோடு அப்படியே ஓடவிடலாம். ஃபைல் கொண்டுபோக ஒரு பென்டிரைவ் போதும்.