கணக்கில் புலியான பிள்ளை: ஐஐடி கோச்சிங்கா, சிறுசேரியா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததுமே, கணக்கு நன்றாக வரும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, ஐஐடி நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்யும் கோச்சிங் மையங்களிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். ஸ்காலர்ஷிப் தேர்வு, கட்டணத்தில் தள்ளுபடி, பள்ளியும் கோச்சிங்கும் ஒரே வளாகத்தில், விடுதியும் உண்டு. இன்னொரு வழியைப் பற்றி யாரும் போன் செய்து சொல்வதில்லை. சாதாரணப் பள்ளியிலேயே பிளஸ் டூ முடிப்பது, கூடவே பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டியான கணித ஒலிம்பியாட் எழுதிப் பார்ப்பது, பிறகு இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கோ, சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்துக்கோ போவது. முன்னதை ஐஎஸ்ஐ என்றும் பின்னதை சிஎம்ஐ என்றும் சொல்வார்கள்.

நான் இங்கே பேசுவது நூற்றுக்கு நூறு வாங்கும் எல்லாப் பிள்ளைகளையும் பற்றி அல்ல. பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல் உட்கார்ந்திருக்குமே, அந்தப் பிள்ளையைப் பற்றி.

இரண்டு வழிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தேர்வுத் தாளிலேயே தெரியும். ஐஐடி நுழைவுத் தேர்வின் முதல் கட்டமான ஜேஇஇ மெயினில் மூன்று மணி நேரத்தில் 75 கேள்விகள். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடைக்காது. சர்வதேச கணித ஒலிம்பியாடில் ஒரு நாளுக்கு நாலரை மணி நேரம், மூன்றே கணக்குகள். ஐஎஸ்ஐ நுழைவுத் தேர்வின் இரண்டாம் தாளில் இரண்டு மணி நேரத்தில் எட்டு. அங்கே விடை மட்டும் சரியாக இருந்தால் போதாது, ஏன் சரி என்று எழுதி நிறுவ வேண்டும். சிஎம்ஐ தேர்விலும் பாதிக்கு மேல் அப்படித்தான். முதல் வகைத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை, தெரியாத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகுகிறது. இரண்டாம் வகையில், தெரியாத கணக்கோடுதான் குடித்தனமே.

பாடமும் வேறு. ஒலிம்பியாடில் எண் கோட்பாடு, சேர்வியல் (எத்தனை விதமாகச் சேர்க்கலாம், அடுக்கலாம் என்று எண்ணும் கணக்கு), வடிவியல். நுண்கணிதம் கேட்பதே இல்லை. ஜேஇஇயில் நுண்கணிதமும் ஆய வடிவியலும்தான் பெரும்பங்கு, போதாததற்கு இயற்பியலும் வேதியியலும். வேதியியல் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளையை இரண்டு வருடம் அதில் பிழிவது வீண் என்பது என் கருத்து. அதே சமயம் இயற்பியலும் பிடித்து, போட்டி என்றால் சுறுசுறுப்பாகிவிடும் பிள்ளைக்கு இரண்டாம் கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டு நல்ல தேர்வு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கோச்சிங்கின் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. தனக்குச் சமமான ஆட்களை அந்தப் பிள்ளை முதன்முதலில் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். சின்ன ஊரில் ஒலிம்பியாடுக்குத் தயாராகும் பிள்ளை தனியாளாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஆசிரியருக்கே அந்தக் கணக்குகள் பழக்கமில்லாமல் இருக்கலாம்.

மொழிச் சிக்கல் இரண்டு பக்கமும் உண்டு. ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதலாம். ஆனால் ஐஐடிக்குக் கொண்டுபோகும் அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். சிஎம்ஐயில் ஆங்கிலம்தான். தமிழ்வழிப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கணக்கை ஆங்கிலத்திலும் படிக்கப் பழக்கிவிட வேண்டியதுதான்.

சரி, ஒலிம்பியாடும் சரிவரவில்லை, சிஎம்ஐயும் கிடைக்கவில்லை என்றால்? பெற்றோரைக் கோச்சிங் பக்கம் தள்ளுவது பெரும்பாலும் இந்தப் பயம்தான். இங்கேதான் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2007 முதல் இங்கே பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடும் கட்-ஆஃப்தான். பள்ளியில் ஒழுங்காகப் படித்து நல்ல கட்-ஆஃப் எடுத்தால் கிண்டி பொறியியல் கல்லூரி வரை வாய்ப்பு உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு, கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆக, 'பாதுகாப்புக்காக' என்று சொல்லி இரண்டு வருடமும் சில லட்சங்களும் செலவழிக்கிறோமே, அந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஐஐடிதான் வேண்டும் என்று பிள்ளையே சொன்னால் அது வேறு விஷயம்.

பணத்தைப் பார்த்தால், ஐஐடியில் பி.டெக். படிப்புக் கட்டணம் பொதுவாக வருடத்துக்கு 2 லட்சம். குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் முழு விலக்கு, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. ஐஎஸ்ஐயின் கணித, புள்ளியியல் பட்டப்படிப்புகளில் படிப்புக் கட்டணம் வாங்காமல் மாதாமாதம் உதவித்தொகையும் தந்து வந்திருக்கிறார்கள். சிஎம்ஐயில் கட்டணமும் உண்டு, சலுகையும் உண்டு. சேரும் வருடத்து விவரத்தை அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

சிஎம்ஐக்கு நிஜமான எதிரி கல்யாண வீட்டில்தான் இருக்கிறார். "இவ்வளவு நல்லா படிக்கிற பொண்ணை பி.எஸ்சி.யிலயா சேர்த்தீங்க?" என்று ஒரு பெரியப்பா கேட்பார். ஆமாம், மூன்று வருட பி.எஸ்சி.தான். ஆனால் கணிதவியலாளர் சி.எஸ்.சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தில் கணிதத்தோடு கணினி அறிவியலும் சேர்த்தே படிக்கலாம். முடித்தவர்கள் முனைவர் பட்டத்துக்கும் போகிறார்கள், மென்பொருள், நிதி நிறுவனங்களுக்கும் போகிறார்கள். பெரியப்பாவுக்கு இதை விளக்கி ஜெயிக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

இப்போது இரண்டு வழிக்கும் நடுவே இருந்த சுவரும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 2025 முதல் சென்னை ஐஐடி, ஒலிம்பியாடில் மேல் நிலை வரை போனவர்களுக்கென்று தனியாகச் சில இடங்கள் வைத்திருக்கிறது. சிஎம்ஐ, ஐஎஸ்ஐ, அட்வான்ஸ்டு மூன்றும் பெரும்பாலும் மே மாதத்தையொட்டியே வருவதால், ஒரே பிள்ளை மூன்றையும் எழுதிப் பார்ப்பதும் நடக்கிற காரியம்தான். என் ஓட்டு, கணிதப் பைத்தியமான பிள்ளைக்கு, உள்ளூர்ப் பள்ளிக்கும் ஒலிம்பியாடுக்கும்தான். ஜேஇஇயைப் பிளஸ் டூவில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், விடுதிக்கு அனுப்ப வேண்டியதில்லை.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். ஒலிம்பியாடின் முதல் கட்டமான ஐஓக்யூஎம்மில் 30 கேள்விகள், மூன்று மணி நேரம். பழைய தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுங்கள். அடுத்த ஞாயிறு ஜேஇஇ மெயினின் கணிதப் பகுதி. மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். திங்கட்கிழமையும் எந்தத் தாளின் கணக்கைப் பற்றிப் பேசுகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டையும் போட்டுவிட்டு "எனக்கு பயாலஜிதான் பிடிக்குது" என்றால், அறிவியல் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனமான ஐஐசர் என்று மூன்றாவது வழி இருக்கிறது: ஐந்து வருட பி.எஸ்-எம்.எஸ்., நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். அதன் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சம பங்கு.