டெல்டாவில் பழைய வீட்டை விற்க யாரிடம் கொடுப்பது: தெருத் தரகரா, ஆபீஸ் வைத்தவரா, நாமேவா?

எங்கள் வீடு கும்பகோணத்தில், பழைய தெரு ஒன்றில். அகலம் 20 அடி, நீளம் 140 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணறு, கடைசியில் கொல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். அப்பா இறந்த பிறகு அம்மாவால் அங்கே தனியாக இருக்க முடியவில்லை. நான் சென்னையில், அக்கா திருச்சியில், தம்பி சிங்கப்பூரில். விற்றுவிடலாம் என்று ஒரே நாளில் முடிவெடுத்தோம். யாரிடம் கொடுப்பது என்பதில் ஒரு வருஷம் போனது.

அந்த ஒரு வருஷத்தில் மூன்று வழியிலும் போய்ப் பார்த்துவிட்டோம். மாயவரம், திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீட்டை வைத்துக்கொண்டு வெளியூரில் கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நாமே விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இணையதளத்தில் படம் போட்டால் போன் வரும். வந்த போன்களில் பெரும்பாலானவை தரகர்களுடையவை. மிச்சப் பேர் "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறோம்" என்பார்கள். வீட்டைத் திறந்துகாட்ட உள்ளூரில் ஆள் இல்லாவிட்டால் இந்த வழி நடக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கே விற்பதாக இருந்தால் மட்டும் இது அருமையான வழி. பொதுச்சுவர் வீடுகளை வாங்க முதல் ஆசை அவருக்குத்தான் இருக்கும். தரகரைத் தேடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சில ஊர்களில் பத்திர எழுத்தரே ஆள் பிடித்துக் கொடுப்பார். பத்திரத்தில் குறை இருந்தால் சொல்ல வேண்டியவர் அவர். விற்றால்தான் கமிஷன் என்று ஆகிவிட்டால் அதை அவர் எப்படிச் சொல்வார்? எனக்கு அது சரியாகப் படவில்லை, அந்தப் பக்கம் போகவில்லை.

ஆக நிஜமான போட்டி தெருத் தரகருக்கும் நிறுவனத்துக்கும் இடையில்தான்.

நிறுவனம்

முதலில் வேறு ஊரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். அவர்களிடம் நல்லது நிறைய இருந்தது, மறைக்க மாட்டேன். கேமராவோடு வந்து முற்றத்தில் வெயில் விழும் நேரம் பார்த்துக் காத்திருந்து படம் எடுத்தார்கள். பெங்களூரிலிருந்துகூட ஆள் வந்து பார்த்தார். வந்தவர் யார், என்ன விலை சொன்னார் என்று வாராவாரம் எழுத்தில் கணக்கு வரும்.

தம்பி விஷயத்தில் அவர்கள் சொன்னது பெரிய உதவி. அவன் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன், தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும் என்று விளக்கினார்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்த ஒரு சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் அதிகம் என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். தெருத் தரகருக்கு இதெல்லாம் தெரியாது.

ரெரா பதிவு எண்ணையும் காட்டினார்கள். அது என்ன என்று புரிந்துகொள்வது நல்லது. ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 2016-ஆம் வருஷத்து அந்தச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் மனையோ பிளாட்டோ விற்றுத் தரும் முகவர்தான் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட பிளாட் என்றால்தான் திட்டமே அதற்குள் வரும். நம் தாத்தா கட்டிய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்றுத் தர அந்தப் பதிவு தேவையில்லை. எண் இருந்தால் நல்லதுதான், ஆளையும் முகவரியையும் தேடிப் பிடிக்கலாம். அந்த எண்ணை நம்பி நம் வீட்டு விற்பனைக்கு ஒரு காவல் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நான் நினைத்தேன்.

இரண்டு இடத்தில் அடிபட்டோம். ஒன்று, ஆறு மாதம் வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்ற ஒப்பந்தம். ஆடி பிறந்ததும் கையெழுத்துப் போட்டோம். ஆடியிலிருந்து ஆறு மாதம் எண்ணிப் பாருங்கள், மார்கழியில் போய் முடியும். இரண்டு முனையிலும் நம் ஊரில் யாரும் கிரயம் பண்ணாத மாதம். அறுவடைப் பணம் கைக்கு வந்து, தை பிறந்து, ஜனங்கள் வீடு பார்க்கக் கிளம்பும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்திருக்கும். வேறு ஊர் ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு ஆறு மாதம் என்பது வெறும் ஆறு மாதம்தான்.

இரண்டாவதுதான் பெரிய அடி.

மனை யாருடையது

காவிரிக் கரை ஊர்களில் வீடு விற்பதும் சென்னையில் வீடு விற்பதும் ஒன்றல்ல. இங்கே தெருத் தெருவாக மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். கட்டடம் நம்முடையது, அடிமனை அவர்களுடையது. தலைமுறையாக மனை வாடகை கட்டிக்கொண்டு குடியிருப்பார்கள். கோயில் நிலத்தைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி உரிய அனுமதி இல்லாமல் யார் பெயருக்கும் கிரயம் பதிய முடியாது.

எங்கள் மனைக்குப் பட்டா எங்கள் பெயரில்தான். வில்லங்கச் சான்றிலும் குறை இல்லை. ஆனால் அதே சர்வே எண்ணில் ஒரு பகுதி கோயில் மனை. அந்த எண் முழுவதையும் பதிவுத் துறைக் கணினியில் முடக்கி வைத்திருந்தார்கள். நிறுவனம் ஐப்பசியில் ஆள் கொண்டுவந்தது, இரண்டு லட்சம் அட்வான்ஸ் வாங்கினோம், பதிவுக்குப் போனபோதுதான் இது தெரிந்தது. அறநிலையத் துறையில் தடையில்லாச் சான்று வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாங்க வந்தவர் பயந்துபோய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டோம். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. "கோயில் இடத்தை நம்ம இடம்னு சொல்லி வித்தோம்னு தெருவுல பேசுவாங்களே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு தெருத் தரகரை வரச் சொன்னோம். அறுபது வயதைத் தாண்டியவர், சைக்கிளில் வந்தார். வீட்டுக்குள் உடனே வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி, இந்த வரிசையில எது வரைக்கும் கோயில் மனைன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நாலு வீடு தள்ளி ஒரு வாசலைக் காட்டினார். "அந்த வீட்டோட முடிஞ்சிடுது. இந்தப் பக்கம் எல்லாம் சொந்த மனை. ஆனா சர்வே நம்பர் ஒண்ணு. அறநிலையத் துறை காகிதம் வாங்கிட்டுத்தான் ஆள் காட்டணும்" என்றார். அப்புறம்தான் உள்ளே வந்தார். கூடத்துத் தூணைத் தட்டிப் பார்த்தார், கொல்லை வரை காலால் அடி வைத்து அளந்தார், "அக்கா கையெழுத்து உண்டுல்ல?" என்று கேட்டார். அப்பா உயில் எழுதாமல் போனவர், மகளுக்கும் சம பங்கு. விலையைப் பற்றி அது வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயில் மனை பற்றிய அந்த முதல் கேள்விக்காகவே நான் அவர் பக்கம். டெல்டாவில் பழைய வீடு என்றால் முதலில் காகிதத்தைக் கேட்பவரிடம் கொடுங்கள், முதலில் விலை சொல்பவரிடம் வேண்டாம். தடையில்லாச் சான்று கைக்கு வர நாலு மாதம் ஆனது. அது வரை அவர் ஒரு ஆளைக்கூடக் கூட்டிவரவில்லை.

கமிஷன்

நிறுவனமும் தரகரும் கேட்டது ஒன்றுதான், இரண்டு சதவீதம். 60 லட்சத்துக்கு 1,20,000. எங்கள் தரகரிடம் பேசி ஒன்றரையில் முடித்தோம். நிறுவனத்தில் பேச்சுக்கே இடமில்லை.

தெருத் தரகரிடம் உஷாராக இருக்க வேண்டியது வேறு விஷயத்தில். "உங்க கைக்கு 60 வந்தா போதும்ல? மேல வர்றது என்னோடது" என்று கேட்பவர்கள் உண்டு. எங்களிடமும் வேறொருவர் கேட்டார். கமிஷனே வேண்டாம் என்கிறாரே என்று இனிக்கும். அவர் 68-க்குப் பேசி முடித்தால் எட்டு லட்சம் அவருக்கு. அது மட்டுமல்ல, வாங்குபவரும் நீங்களும் நேரில் பேசிவிடக் கூடாது என்பதே அவருடைய முழுநேர வேலையாகிவிடும். வாங்குபவருக்கு ஏற்கெனவே முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம் என்று ஒன்பது சதவீதம் செலவு காத்திருக்கிறது. அதற்கு மேல் இதையும் ஏற்றினால் வீடு விலை போகாமல் நிற்கும். இப்படிக் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு வகை, தூணையும் கதவையும் தனியாகப் பழம்பொருள் வியாபாரிக்குத் தள்ளிவிட்டு மனையை மட்டும் விற்கலாம் என்று யோசனை சொல்பவர். அதில் காசு வரலாம். எங்களுக்கு மனசு வரவில்லை.

கமிஷனை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மூலதன ஆதாய வரி கணக்கிடும்போது அந்தச் செலவைக் கழிக்கலாம். அட்வான்ஸையும் ரொக்கமாக வாங்க வேண்டாம், வீட்டுக் கிரயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

எழுதி வாங்குவது

தெருத் தரகரிடம் இல்லாதது எழுத்து. அதை நாம் கொண்டுவரலாம். நான் ஒரு பக்கத் தாளில் எழுதினேன்: எங்கள் குறைந்தபட்ச விலை, ஒன்றரை சதவீதம், மூன்று மாதம், எங்களுக்குத் தெரியாமல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, கமிஷன் பதிவு முடிந்த அன்றுதான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்தார். "இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் கையெழுத்து கேட்டதில்ல தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. போட்டுக் கொடுத்தார்.

தரகரோ நிறுவனமோ, யார் கேட்டாலும் அவர் பெயருக்குப் பவர் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். வெளியூர்க்காரர்களை இதில்தான் மடக்குவார்கள், "நீங்க அலையவே வேண்டாம்" என்று. பவர் கொடுப்பதென்றால் கூடப் பிறந்தவருக்குக் கொடுங்கள். தம்பி எனக்குத்தான் கொடுத்தான்.

இதே வீடு தஞ்சாவூரில் பத்து வருஷத்துக்குள் கட்டிய பிளாட்டாக இருந்திருந்தால் நான் நிறுவனத்திடமே கொடுத்திருப்பேன். அங்கே காகிதம் நேராக இருக்கும், தேவை நல்ல படமும் நிறைய ஆளும். பழைய தெரு, பொதுச்சுவர், கோயில் பக்கம் என்றால் அந்தத் தெருவில் நடந்து பழகிய கால் வேண்டும்.

வாங்கியவர் மூன்றாவது தெருவில் வாடகைக்கு இருந்த பள்ளி ஆசிரியர் குடும்பம். எந்தப் படத்தையும் பார்த்து அவர்கள் வரவில்லை. பதிவு நாளன்று அக்கா வந்த பஸ் தாமதமாகிவிட்டது. டோக்கன் நெருங்கிக்கொண்டிருந்தது. தரகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்று, அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். எல்லோரும் கைரேகை வைத்து முடிக்கும் வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவர் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டு ரசீது புத்தகத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அம்மா கிணத்தடி செம்பருத்தியில ஒரு கொம்பு ஒடிச்சுக்கச் சொன்னாங்க, மறந்துடாதீங்க" என்றார்.