ஸ்கூட்டர் ரீகால் வேலை முடிந்ததாகச் சொல்லி ஏமாற்றினார்கள்: 19,850 ரூபாய் போனது, சேலம் நண்பர்கள் கவனிக்கவும்

நேற்று மாலை மெக்கானிக்கிடம் 19,850 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்; ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ரீகால் கடிதம் (குறைபாடுள்ள பாகத்தை மாற்றித் தருவதாக நிறுவனம் அனுப்பும் கடிதம்) வந்தவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை இறுதியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைப் படியுங்கள்.

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியர். சேலத்திலிருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஸ்கூட்டரிலேயே ஏறி இறங்குகிறேன். சென்ற மாதம் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட சேஸிஸ் எண்களுக்குள் வரும் வண்டிகளில் ஆயில் பம்பைச் சுழற்றும் பல்சக்கரம் சீக்கிரம் தேய்ந்துவிடுவதாகவும், அப்படித் தேய்ந்தால் எண்ணெய் மேலே ஏறாமல் ஓடும்போதே இன்ஜின் இறுகி நின்றுவிடக்கூடும் என்பதால் அதை இலவசமாக மாற்றித் தருவதாகவும் எழுதியிருந்தார்கள்.

கடிதத்துடன் நகரிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வரவேற்பில் இருந்த இளைஞர் அதை முழுவதும் படித்துவிட்டு, "தினமும் மலை ஏறுகிறீர்களா சார்? அப்படியானால் இதைத் தள்ளிப்போடவே கூடாது, நானே பக்கத்தில் நின்று மாற்ற வைக்கிறேன்" என்றார். என் மாணவன் ஒருவன் பேசுவதைப் போலவே இருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான், செய்யப்போகும் வேலைகளை எழுதும் ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். மாலையில் பளபளவென்று கழுவித் துடைத்து வண்டியைக் கொடுத்தார்கள். பழைய பாகம் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம், பின்னால் மனைவி அமர்ந்திருக்க, பதினோராவது வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது கரகரவென்ற சத்தத்துடன் இன்ஜின் நின்றது. கியர் இல்லாத வண்டி. இன்ஜின் நின்றுவிட்டால் ஏற்றத்தில் பிரேக்கைத் தவிர அதைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. நான் இரண்டு பிரேக்குகளையும் அழுத்துவதற்குள் வண்டி பின்னோக்கி உருண்டது. பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் சட்டென்று நிறுத்தியதால்தான் நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம்.

டெம்போவில் ஏற்றி அதே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பிரித்துக்கூடப் பார்க்காமல், "ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள், வாரண்டி வராது" என்றார்கள். அந்த இளைஞர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். மேலாளர் எப்போதும் கூட்டத்தில் இருந்தார். நான்கு நாள் அலைந்தபின், பள்ளிக்குப் போக வண்டி வேண்டுமே என்று கோரிமேட்டில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் இன்ஜினிலிருந்து வடித்தபோது எழுநூறு மில்லிக்குக் குறையாமல் எண்ணெய் வந்தது; ஆயில் இல்லாமல் ஓட்டினேன் என்பது பொய். பிறகு ஆயில் பம்பின் மூடியைக் காட்டினார். தொழிற்சாலையில் போல்ட்டை முறுக்கியதும் போல்ட்டின் தலையிலிருந்து மூடி வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார்களாம். "பாருங்க சார், கோடு துளிகூட விலகலைங்க. இதை யாரும் தொடவே இல்லைங்க" என்றார். உள்ளே பல்சக்கரத்தின் பற்கள் மழுங்கிப்போயிருந்தன.

நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி எண்ணை அழைத்தால், என் வண்டிக்கு ரீகால் வேலை முடிந்துவிட்டதாக நான் வண்டி விட்ட அதே தேதியில் பதிவாகியிருக்கிறது என்கிறார்கள். மாற்றாத பாகத்தை மாற்றியதாக எழுதிக் கணக்கை முடித்திருக்கிறார்கள். படங்களுடன் சர்வீஸ் சென்டருக்குப் போனபோது, "வெளியில் பிரித்த வண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். போர் கிட், கிராங்க் என்ற இன்ஜின் பாகங்கள், கூலி எல்லாம் சேர்த்து 19,850 ரூபாய். ஒரு காசுகூடச் செலவில்லாமல் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 19,850 ரூபாய்!

குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. சட்டம் அவ்வளவு கவலைப்படும் ஒன்றை இவர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்திருக்கிறார்கள்.

விரிவாக எழுதும் நிலையில் இப்போது நான் இல்லை. ஜாப் கார்டில் மாற்றும் பாகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பழுதானால் வெளியில் பிரிப்பதற்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். நான் அதைச் செய்யத் தவறிவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. மஞ்சள் கோட்டின் படத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அங்கேதான் போகிறேன்.